ஆள் நிற்காத முதியோர் இல்லம்: ராத்திரி ஷிப்டிலிருந்து சரி செய்யுங்க

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் 20 பேர் இல்லம், அதில் 6 பேர் படுத்த படுக்கை, ராத்திரிக்கு ஒரே ஆள், படுத்திருப்பவங்க இடுப்பில் படுக்கைப் புண், வேலைக்கு வந்தவங்க பனியன் கம்பெனிக்குப் போயிடறாங்கன்னு எழுதியிருந்தீங்க.

முதல் செலவு ராத்திரிக்கு இரண்டாவது ஆள். படுத்திருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டணும். துடைத்து மாற்ற ஆளுக்கு 10 நிமிஷம் வைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். அந்நேரம் இன்னொருவர் பாத்ரூமுக்கு எழுந்தால் பிடிக்க ஆளில்லை. தனியாளாகப் புரட்டினால் இழுக்கத்தான் முடியும்; அந்த உராய்விலேயே தோல் கிழியும். இடுப்புக்கடியில் மடித்த பெட்ஷீட் போட்டு, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்தணும். காற்று மெத்தை இருந்தாலும் புரட்டுவதை விடக்கூடாதுங்க. புண் தொடங்கும்போது வரும் சிவப்பு கறுத்த தோலில் சரியாத் தெரியாது, சூடும் கெட்டியும் இருக்கான்னு தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

தினமும் இருவர் என்றால் வாரத்துக்கு 14 டூட்டி. ஆளுக்கு 6 வீதம் 3 பேர் வேணும். மீதி 4 டூட்டிதான் உங்க லீவுக் கையிருப்பு. பங்குனியில் வரும் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதித் திருவிழா) எல்லோரும் ஒரே நாளில் லீவு கேப்பாங்க, பங்குனிப் பட்டியலை மாசியிலேயே போட்டுடுங்க.

கம்பெனிச் சம்பளத்தோடு போட்டி போட முடியாது. ஆனா நிலையான ஷிப்ட், சாப்பாடு, தேதி தவறாத சம்பளம் தரலாம்.

இலக்கை ஒரே வரியில் சுவரில் எழுதுங்க: இங்கே யாருக்கும் புதுப் புண் வரக்கூடாது.