முப்பரிமாண அச்சிடலை (3D printing) ஏன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும்?

ஹட்டன், நுவரெலியா பக்கப் பெற்றோர் பலரும் கேட்பது இது. கணினியில் நீளம், அகலம், உயரம் கொடுத்து ஒரு பொருளை வரைந்தால், இயந்திரம் பிளாஸ்டிக் இழையைச் சுமார் 200 பாகை செல்சியஸில் உருக்கி, இடியப்பம் பிழிவதுபோல அடுக்கடுக்காகப் போட்டு அதைச் செய்து தரும். ஓர் அடுக்கு பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர்தான், அதனால் சின்னச் சாவி வளையத்துக்கே அரை மணித்தியாலம் போய்விடும்.

சரி, பிள்ளைக்கு என்ன லாபம்? அளவு கையில் பிடிபடும். 5 மில்லிமீட்டர் என்று வரைந்த துளை அச்சில் கொஞ்சம் சிறுத்துத்தான் வரும், அதே அளவுக் கம்பி நுழையாது, பிள்ளையே துளையைச் சற்றுப் பெரிதாக்கித் திரும்ப அச்சிட்டுப் பார்க்கும். என்னைக் கேட்டால் பாடமே அந்த இடத்தில்தான். வரைவதற்கு டிங்கர்கேட் (Tinkercad) என்ற இணைய மென்பொருள் இலவசம், இணையம் இருந்தால் போதும். அப்புறம், நம்ம ஊர் மூடுபனியில் இழை ஈரம் குடித்துவிடும், ஈரமான இழை அச்சிடும்போது படபடவென்று வெடித்து நூல்நூலாக இழுக்கும், ஆகவே இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

ஒரு போட்டோவைக் கொடுத்தால் பொருள் அப்படியே வந்து விழும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் போட்டோவில் பின்பக்கமும் இல்லை, தடிப்பும் இல்லை, அதையெல்லாம் யோசித்து வரைய வேண்டியது பிள்ளைதான்.