நத்தார்ப் பெட்டியும் ஈர்க்குக் கோலும்

அன்புள்ள ஐயா,

கிறிஸ்துமஸ் குடில்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தபின் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். எங்கள் தாத்தா கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். 1952இல் ஊர் திரும்பும்போது ஒரு குடில் செட்டைத் தோணியில் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். பாலன் இயேசு, மாதா, சூசையப்பர், ஒரு சம்மனசு (வானதூதர்), மூன்று ராஜாக்கள் ஆகிய ஏழு சுரூபங்களும் பங்குச் சாமியார் மந்திரித்துக் கொடுத்தவை. அவை இருக்கும் தகரப் பெட்டியை ஆச்சி கடைசிவரை ‘நத்தார்ப் பெட்டி’ என்றுதான் சொல்வார்கள்; இலங்கைத் தமிழில் கிறிஸ்துமஸுக்கு நத்தார் என்று பெயர். கிறிஸ்துமஸ் நள்ளிரவில் நடக்கும் சாமப்பூசை முடிந்து வந்ததும் பாலனைக் கையில் ஏந்திக்கொண்டு நிற்பார்கள். வீட்டில் எல்லோரும் வயது வரிசைப்படி முத்தி செய்த (முத்தமிட்ட) பிறகுதான் வைக்கோலில் கிடத்துவார்கள்.

ஆச்சி இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பாலனின் நிறம் பல இடங்களில் போய்விட்டது. சூசையப்பரின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லை, கோலும் எப்போதோ தொலைந்துவிட்டது. ஆச்சி ஆண்டுதோறும் ஒரு தென்னை ஈர்க்கை வெட்டி, மெழுகு வைத்து அந்தக் கையில் செருகிவிடுவார்கள். உடைந்த சுரூபம் வீட்டில் இருக்கக் கூடாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். என் மருமகள் ஃபைபரில் அழகான புது செட் வாங்கி வந்திருக்கிறாள். பழையதைப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, கையையும் செய்து தர ஒருவர் முன்வந்திருக்கிறார். கொடுக்கலாமா? படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தையும் படங்களையும் இரண்டு நாட்களாகத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து பெயிண்ட் அடிக்கக் கொடுக்காதீர்கள்.

பாலனின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நிறம் பல இடங்களில் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரையில் அது போயிருப்பது மூன்றே இடங்களில்தான்: இரண்டு பாதங்களின் மேற்புறம், வலது முழங்கால். கன்னத்தின் இளஞ்சிவப்பும், இமைக்கு மேல் மயிரிழை போல ஓடும் பழுப்புக் கோடும், வயிற்றின் மடிப்பில் இட்ட நிழலும் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே இருக்கின்றன. பெட்டிக்குள் உரசித் தேய்ந்திருந்தால் மூக்கு நுனியும் நீட்டிய கைவிரல்களும்தான் முதலில் வெளுத்திருக்கும். பாதத்திலும் முழங்காலிலும் மட்டும் வெளுத்திருப்பதற்கான காரணத்தை உங்கள் கடிதமே சொல்கிறது. அவை முத்தி செய்த இடங்கள். உங்கள் தாத்தாவும் ஆச்சியும், அவர்களுடைய பிள்ளைகளும், சிறுமியாக நீங்களும், ஆண்டுக்கு ஒரு முறை உதடு வைத்து வைத்து அந்த நிறத்தைக் கரைத்திருக்கிறீர்கள். ரோமையில் புனித பேதுரு பெருங்கோவிலில் இருக்கும் வெண்கலப் பேதுருவின் வலப் பாதம், நூற்றாண்டுக் கணக்காகத் திருப்பயணிகள் தொட்டும் முத்தமிட்டும் விரல்களே தெரியாதபடி மழுங்கிப்போயிருக்கிறது. அதற்குப் புது விரல் வார்த்து வைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. உங்கள் வீட்டுப் பாலனின் பாதமும் அதே வகையானது. அதன்மேல் ஒரு பூச்சு ஏறினால் உங்கள் ஆச்சியின் உதடு பட்ட இடம் மறைந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு என் வீட்டில் நடந்தது ஒரு காரணம். எங்கள் அம்மா வைத்திருந்த சம்மனசின் சிறகு மங்கிவிட்டது என்று, அவர்களை மகிழ்விக்கும் எண்ணத்தில், நானே ஒருமுறை எனாமல் பெயிண்ட் வாங்கி அடித்தேன். அந்த ஆண்டு அது பளபளவென்று இருந்தது. ஆனால் எனாமல் பூச்சு பிளாஸ்டரின் துளைகளை அடைத்து, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற விடாது. நான்கைந்து மழைக்காலங்களில் அது கொப்பளித்து உரிந்தது, உரியும்போது அடியிலிருந்த பழைய நிறத்தையும் பெயர்த்துக்கொண்டு போனது. அந்தச் சம்மனசின் முகத்தில் இப்போது கண் இல்லை. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த கிறிஸ்துமஸிலிருந்து அதைக் குடிலின் பின்வரிசையில், முகம் தெரியாதபடி திருப்பி வைத்தார்கள்.

வேறொருவர் கையில் கொடுத்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஸ்பெயினில் எஸ்தெய்யா என்ற ஊரின் புனித மிக்கேல் கோவிலில், 16ஆம் நூற்றாண்டு மரச் சுரூபமாகிய புனித ஜார்ஜ் இருக்கிறார். 2018இல் நல்லெண்ணத்தோடு அவருக்குப் புதுப் பூச்சு அடித்தார்கள். அது பொம்மைபோல் ஆகிவிட்டதை உலகமே பார்த்தது. பிறகு வல்லுநர்கள் பல மாதங்கள் உழைத்து அந்தப் பூச்சை நீக்கியபோது, மூல வண்ணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கவே இல்லை. திருச்சபைக்கு இந்த ஆபத்து தெரியும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1189ஆம் விதி இதைப் பற்றியதுதான். பழமையாலோ கலையாலோ மக்களின் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்று, கோவில்களில் வைக்கப்பட்டிருக்கும் சுரூபங்களை ஆயர் போன்ற பொறுப்பாளரின் எழுத்து வழியான அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது, அவரும் அனுமதி தருமுன் வல்லுநர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது அந்த விதி. வீட்டுச் சுரூபத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் ‘வணக்கத்தாலோ’ என்ற சொல்லை அதில் சேர்த்தவர்களுக்கு உங்கள் ஆச்சியைப் புரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடைந்த சுரூபம் வீட்டில் இருக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பலரும் சொல்வதுதான். அப்படி ஒரு சட்டம் திருச்சபையில் கிடையாது. மந்திரித்த பொருளை மரியாதையோடு நடத்த வேண்டும், அவ்வளவே. உருவே தெரியாமல் சிதைந்துபோன பொருளைக் குப்பையில் போடாமல் எரிப்பதும், மண்ணில் புதைப்பதும் வழக்கம். இரண்டு விரல் போனதால் சூசையப்பர் சூசையப்பர் இல்லாமல் போய்விடவில்லை. தச்சு வேலை செய்தவருக்கு விரல் போவது நடக்கக்கூடியதுதான் என்று எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் ஒருமுறை என்னிடம் சொன்னார், கைகூப்பிக்கொண்டே சொன்னார்.

அந்தக் கையில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. மணிக்கட்டைச் சுற்றி ஒரு மெல்லிய விரிசலும் அதன் ஓரத்தில் காவி நிறக் கறையும் படத்தில் தெரிகின்றன. பிளாஸ்டர் சுரூபங்களின் கைக்குள் வலுவுக்காக இரும்புக் கம்பி வைப்பதுண்டு. கடற்கரை ஊரின் உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் உள்ளிருந்து தள்ளிப் பிளாஸ்டரைப் பிளக்கும். விரல்கள் போனதும் இதனால்தான் இருக்கலாம். மேற்கொண்டு ஈரம் சேராமல் பார்த்துக்கொள்வதே இதற்கு முதல் மருந்து. ஈரத் துணியால் துடைக்கவே கூடாது. பிளாஸ்டர் என்பது ஜிப்சம், அது சிறிதளவு தண்ணீரில் கரையும், ஒவ்வொரு துடைப்பிலும் கொஞ்சம் முகம் போய்க்கொண்டிருக்கும். மென்மையான ஓவியத் தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும். தூக்கும்போது தலையையோ கையையோ பிடிக்காமல், பீடத்தின் அடியில் ஒரு கை கொடுத்துத் தூக்குங்கள். கை கழன்றே விழுந்தால் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைத் தொடாதீர்கள். அருங்காட்சியகங்களில், அசிட்டோனில் கரைத்து எப்போது வேண்டுமானாலும் பிரித்தெடுக்கக்கூடிய பாரலாய்டு பி-72 என்ற பிசினைப் பயன்படுத்துகிறார்கள். அந்த வேலை தெரிந்தவர் கிடைக்கும்வரை விழுந்த துண்டைப் பஞ்சில் பொதிந்து வைத்திருந்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இவை எங்கே செய்யப்பட்டவை என்பதைப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பீடத்தின் அடிப்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஸ்பெயினின் கத்தலோனியாவில் ஓலோட் என்ற ஊரில் 1880இல் தொடங்கிய சுரூபப் பட்டறை, உலகமெங்கும் அனுப்பிய சுரூபங்களில் தன் முத்திரையை இட்டது. பாரிஸில் செயின்ட் சுல்பீஸ் கோவிலைச் சுற்றியிருந்த கடைகளும் இவ்வகைச் சுரூபங்களுக்குப் பேர்போனவை. முத்திரை ஏதும் இல்லையென்றாலும் வருத்தப்பட ஒன்றுமில்லை. உங்கள் படத்தில் இருக்கும் மாடும் ஒட்டகமும் பிற்பாடு வாங்கிய களிமண் உருவங்கள் என்று பார்த்ததுமே தெரிகிறது. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை செய்யும் அதே கைகள்தான் கிறிஸ்துமஸுக்குக் குடில் செட்டும் செய்கின்றன, அந்தச் சாயல் உங்கள் மாட்டின் கண்ணில் இருக்கிறது. மாடு ராஜாக்களைவிட உயரமாக இருப்பதைக் குறையாக நினைக்காதீர்கள். பல காலம் வாழ்ந்த குடில்கள் எல்லாமே இப்படித்தான் சேர்ந்தவை.

1223இல் புனித பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியின் கிரேச்சியோவில் அமைத்த குடிலில் ஒரு சுரூபமும் இருந்ததாகச் செய்தி இல்லை. ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், உயிருள்ள ஒரு மாடு, ஒரு கழுதை, அவற்றின் நடுவே பூசை, அன்று அவ்வளவுதான். மாடும் கழுதையும் நற்செய்தியின் பிறப்புக் கதையில் வருவதில்லை. மாடு தன் உடையவனையும் கழுதை தன் தலைவனின் தொட்டியையும் அறியும் என்ற, பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எசாயாவின் வாக்கிலிருந்து அவை தொழுவத்துக்குள் வந்து நின்றன. அன்றிரவு நடந்ததைச் சில ஆண்டுகளுக்குள் எழுதி வைத்த செலானோ தோமாஸ் ஒரு செய்தி சொல்கிறார்: அந்தத் தொட்டியில் கிடந்த வைக்கோலை மக்கள் பத்திரப்படுத்தி, நோய்ப்பட்ட கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள், அவை குணமாயின. பூசை முடிந்ததும் வைக்கோல் என்று ஒதுக்கிவிடாமல், அந்த இரவு நடந்த இடத்திலிருந்து வந்தது என்பதற்காகவே அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு நீங்கள் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு கலங்குவதும் அதே மனம்தான். இந்தப் பிரியத்தைச் சிலை மோகம் என்று யாராவது சொன்னால், அந்த வைக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமகள் வாங்கி வந்த செட்டை ஒதுக்காதீர்கள். அவர் ஆசையோடு கொண்டுவந்தது, உங்கள் தாத்தா தோணியில் கொண்டுவந்தபோது அதுவும் புதிதாகத்தான் இருந்தது. வாசலில் நட்சத்திரம் கட்டும் இடத்தில் அவர் கையாலேயே அதற்கொரு குடில் போடச் சொல்லுங்கள், வெயிலையும் தூறலையும் ஃபைபர் தாங்கும். பழைய குடில் வீட்டுக்குள், செபப் பீடத்துக்குக் கீழே, ஆச்சி வைத்த அதே இடத்தில் இருக்கட்டும். குடிலில் பசுமைக்காக வைக்கும் கேழ்வரகு முளைக்கட்டிய தட்டுகளை முன்பே நன்றாக வடித்துவிட்டு, சுரூபங்களிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சீரியல் பல்புகளைச் சம்மனசின் கழுத்தில் சுற்ற வேண்டாம். பாலனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கவும் வேண்டாம். முத்தி செய்யும் வழக்கம் தொடர வேண்டும். நிறத்துக்காகக் கவலைப்படுகிறவர்கள் உதட்டை வைக்காமல் நெற்றியைத் தொட்டுக்கொள்ளட்டும்.

ராஜாக்கள் திருநாள் முடிந்து பெட்டியில் திரும்ப வைக்கும்போது செய்தித்தாளை விட்டுவிடுங்கள். அதன் மையும் அமிலமும் நிறத்தில் இறங்கும். பலமுறை துவைத்து நைந்த வெள்ளை வேட்டித் துணி இதற்கு மிகப் பொருத்தம். சுரூபங்களோடு பாச்சை உருண்டை போட வேண்டாம், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்கள் நான்கைந்து போதும். குடிலின் வைக்கோல் ஒரு துரும்புகூடப் பெட்டிக்குள் போகக் கூடாது, பூச்சி அதில்தான் வரும். ஆச்சி சுற்றி வைத்த பழைய செய்தித்தாள்களை மட்டும் எறிந்துவிடாதீர்கள். தேதியோடு அவற்றைத் தனியே ஒரு உறையில் வையுங்கள்.

இன்னொரு வேலை இருக்கிறது, அதை உங்களால் மட்டுமே செய்ய முடியும். ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு சுரூபத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். ராஜாக்களை ஆச்சி எந்த நாளில் எந்த இடத்திலிருந்து நகர்த்தத் தொடங்குவார்கள், பாலன் நடுச்சாமம்வரை எங்கே மறைந்திருப்பார், முத்தி செய்யும் வரிசையில் உங்களுக்கு முன்னால் யார் நின்றார்கள் என்பவற்றை எல்லாம் எழுதிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். இருபது ஆண்டு கழித்துப் பெட்டியைத் திறக்கும் பிள்ளைக்கு, உடைந்த ஒரு செட்டுக்கும் தன் வீட்டுக் குடிலுக்கும் உள்ள வித்தியாசம் அந்த நோட்டில்தான் இருக்கும்.

சூசையப்பருக்குப் புதுக் கை வேண்டாம். புதுக் கை செய்தால் அதில் ஒரு பித்தளைக் கோலும் வரும், அதன்பின் ஈர்க்குக்கு இடமிருக்காது. மெழுகை மட்டும் குறைவாக வையுங்கள், கையின் துளையைப் பலவந்தமாக நிரப்பக் கூடாது. ஈர்க்கு பச்சையாக இருந்தால் ஈரம் விடும் என்பதால் வெட்டி நான்கு நாள் நிழலில் காயவைத்த பிறகு செருகுங்கள். 24ஆம் தேதிக்குத் தயாராக வேண்டுமென்றால் 20ஆம் தேதியாவது வெட்ட வேண்டும். இந்த ஆண்டு அதை வெட்ட உங்கள் மருமகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்.