வாசகர் கேள்வி – பதில்: வீட்டுப் பூக்களில் பூச்செண்டு

கேள்வி: எங்கள் மொட்டை மாடித் தொட்டிகளில் ரோஜாவும் சாமந்தியும் நன்றாகப் பூக்கின்றன. காலை வேலைகளெல்லாம் முடிந்து, பதினோரு மணிக்கு மேல் பறித்து ஜாடியில் வைத்தால், மாலைக்குள் தலை தொங்கிவிடுகிறது. கடையில் வாங்கும் பூக்கள் மட்டும் பல நாள் நிற்பது எப்படி?
– வாசகி, அல்சூர்

பதில்: தங்கள் பூக்களில் குறையொன்றும் இல்லை, பறிக்கும் நேரமும் பறிக்கும் விதமும்தான் மாற வேண்டும். இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் தண்டில் நிறைந்து நிற்பது விடியற்காலையில். பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளிர்ந்திருக்கிறதே என்று நாம் ஏமாந்துபோகிறோம். ஆனால் பதினோரு மணி வெயிலில் மாடித் தளம் சூடேறி, வேர் தரும் நீரைவிட இலையும் இதழும் இழக்கும் நீரே மிகுதியாகிவிடுகிறது. அந்த நிலையில் வெட்டிய தண்டு வாடத் தொடங்கிய தண்டே. ஆகவே காலை ஏழு மணிக்கு முன்போ, வெயில் நன்றாகத் தாழ்ந்த பிறகோ வெட்டுங்கள்.

விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் பூப் பறித்துப் பழகியதெல்லாம் தொடுப்பதற்காக. நகத்தால் காம்பைக் கிள்ளிப் பூவை மட்டும் கூடையில் போடுவது தலைமுறை தலைமுறையாக நம் கைக்கு வந்த வழக்கம். சரத்துக்கு அது போதும். செண்டுக்கோ தண்டுதான் உயிர். கூர்மையான கத்தரியால், செடி தாங்குமளவு நீளமாக, சாய்வாக வெட்டி, கையோடு கொண்டுபோன வாளித் தண்ணீரில் அப்போதே போட்டுவிடுங்கள். அடுக்களை மேடையில் கிடத்திவிட்டுக் காபி குடிக்கப் போனால், வெட்டுவாயின் வழியே காற்றுக் குமிழி புகுந்து நீரேற்றத்தைத் தடுத்துவிடும். நீரில் மூழ்கும் பகுதியிலுள்ள இலைகளை உருவிவிட்டு, வெயில் படாத அறையில் இரண்டு மூன்று மணி நேரம் வாளியிலேயே வைத்திருந்து, பிறகு ஜாடிக்கு மாற்றுங்கள். இலை நீரில் கிடந்தால் அழுகும்; அழுகலில் பெருகும் கிருமிகள் தண்டின் நுண்குழாய்களை அடைத்துவிடும். தினமும், முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாளாவது, தண்ணீரை மாற்றுங்கள்; ஒவ்வொரு முறையும் தண்டின் நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நறுக்கிவிடுங்கள்.

எந்தப் பருவத்தில் வெட்டுவது என்பது பூவுக்குப் பூ மாறும். ரோஜாவை வெளி இதழ்கள் நெகிழத் தொடங்கிய மொட்டாக வெட்ட வேண்டும். சாமந்தியும் துலுக்கச் சாமந்தியும் நன்றாக விரிந்திருக்க வேண்டும். சம்பங்கியில் கதிரின் அடியிலுள்ள ஒன்றிரண்டு பூக்கள் திறந்தால் போதும். கடைப் பூக்கள் பல நாள் நிற்பதற்கு இந்தப் பருவக் கணக்கும், வெட்டியவுடன் குளிர்பதன அறையில் வைப்பதும் முக்கியக் காரணங்கள்.

கேள்வி: தோழியின் புதுமனை புகுவிழாவுக்கு என் வீட்டுப் பூக்களையே செண்டாகக் கட்டிக் கொடுக்க விரும்புகிறேன். கட்டினால் துடைப்பம்போல் இறுகி நிற்கிறது. எப்படிக் கட்டுவது?
– வாசகி, மல்லேஸ்வரம்

பதில்: தண்டுகளை நேராக அடுக்கினால் துடைப்பம்தான் வரும். நடுவில் நிற்க வேண்டிய பூவை இடக்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்த தண்டை, அதன் பூ இடப்புறமும் அடி வலப்புறமும் வருமாறு, முதல் தண்டின் குறுக்கே சாய்த்து வையுங்கள். மூன்றாவதும் நான்காவதும் அதே சாய்வில் வர வேண்டும். இரண்டு மூன்று தண்டுகளுக்கு ஒருமுறை செண்டையே கையில் சற்றுத் திருப்பிக்கொள்ளுங்கள். ஒரு தண்டுகூட எதிர்ச்சாய்வில் போகக் கூடாது. போனால் அந்த இடத்தில் தண்டு நெரிந்து முறியும். சரியாக வந்தால் மேலே பூக்கள் குடைபோல் விரியும், கீழே தண்டுகள் முக்காலிபோல் அகன்று நிற்கும். பிடித்த இடத்திலேயே நனைத்த வாழை நாரால் கட்டிவிட்டு, கட்டுக்குக் கீழே ஒரு சாண் அளவு விட்டு அடியைச் சமமாக வெட்டுங்கள். மேசைமேல் வைத்தால் தானே நிற்க வேண்டும். நின்றால் கட்டு சரி. முதல் முறையே நிற்காவிட்டால் மனம் தளர வேண்டாம். முதல் சில கட்டுகளைச் சாதாரண இலைத் தண்டுகளைக் கொண்டு பழகிக்கொள்வது நல்லது, பூ வீணாகாது.

பூக்களுக்கு இடையில் பெரணி இலையோ மரிக்கொழுந்தோ செருகினால் இடைவெளி நிறையும். பெங்களூருச் சந்தையில் மரிக்கொழுந்தைத் ‘தவனம்’ என்றும் சம்பங்கியைச் ‘சுகந்தராஜா’ என்றும் கேட்டால்தான் உடனே எடுத்துத் தருவார்கள். ஆட்டோவிலோ மெட்ரோவிலோ எடுத்துச் செல்வதானால் தண்டின் அடியில் ஈரப் பஞ்சைச் சுற்றி, அதன்மேல் ஒரு உறையைக் கட்டிக்கொள்ளுங்கள். அரளியை மட்டும் சேர்க்காதீர்கள். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு, அது நின்ற தண்ணீரும் ஆபத்து. குழந்தைகள் ஓடி விளையாடப் போகும் வீட்டுக்கு அது ஏற்றதன்று.

கேள்வி: எங்கள் பால்கனியில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் மல்லிகையும் மட்டுமே உள்ளன. இவற்றில் செண்டு கட்ட முடியுமா?
– வாசகர், ஜெயநகர்

பதில்: உண்மையைச் சொன்னால், முடியாது. செம்பருத்தியில் பெரும்பாலான வகைகள் ஒரே நாள் பூக்கள். தண்ணீரில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் மாலையில் சுருங்கிவிடும். மல்லிகைக்குக் காம்பு குட்டை. நந்தியாவட்டையை ஒடித்தால் பால் வடியும். இவற்றை அகலமான உருளியில் தண்ணீர் விட்டு மிதக்கவிடுங்கள். அந்த ஒரு நாளைக்கு அதைவிட அழகு வேறில்லை. செண்டுதான் வேண்டுமென்றால் வெயில் விழும் மூலையில் இரண்டு தொட்டிகளில் ஜினியாவும் வாடாமல்லியும் விதையுங்கள். ஜினியாவை வெட்டுமுன் பூவுக்கு ஒரு சாண் கீழே தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். தலை தொய்ந்தால் இன்னும் முற்றவில்லை, விறைப்பாக நின்றால் வெட்டலாம். வாடாமல்லியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலர்த்தினால் மாதக்கணக்கில் நிறம் மாறாமல் இருக்கும். லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் போகும்போது, கண்ணாடி மாளிகைக் கூட்டத்தில் நெரிந்து திரும்புவதோடு நிற்காமல், விதையும் நாற்றும் வாங்கி வாருங்கள்.

கேள்வி: ஜாடித் தண்ணீரில் ஒரு ரூபாய் நாணயம் போட்டால் பூ வாடாது என்கிறார்களே?
– வாசகி, இந்திரா நகர்

பதில்: செம்புக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு என்பதிலிருந்து வந்த பேச்சு இது. இன்றைய ஒரு ரூபாய் நாணயம் துருப்பிடிக்காத எஃகு. அதனால் பூவுக்கு ஒரு பயனும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, சில துளி பிளீச் திரவம் ஆகியவற்றைக் கலந்து பாருங்கள். சர்க்கரை பூவுக்கு உணவு, ஆனால் கிருமிக்கும் அதுவே உணவு. ஆகவே பிளீச் சேர்க்காமல் சர்க்கரையை மட்டும் போடாதீர்கள். ஜாடியைப் பழத்தட்டுக்கு அருகில் வைப்பதையும் தவிருங்கள். பழுக்கும் வாழையும் மாம்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயு பூவை விரைவில் முதுமையாக்கும். கார்னேஷன் மலர்கள் அதற்கு உடனே பணிந்துவிடும்.

கேள்வி: பூ செருகும் பச்சை ஸ்பாஞ்சுக்கு மாற்று உண்டா?
– வாசகர், பிரேசர் டவுன்

பதில்: உண்டு. அந்த ஸ்பாஞ்சு மட்காத பிளாஸ்டிக் வகை. பொடிப்பொடியாக உதிர்ந்து கழிவுநீரில் கலக்கும். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையில் ஒரு துண்டைப் பந்துபோல் சுருட்டி ஜாடிக்குள் வைத்தால் தண்டுகள் நினைத்த இடத்தில் நிற்கும். பல ஆண்டுகளுக்கு வரும். வலை கிடைக்காவிட்டால் ஜாடியின் வாயில் செலோடேப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக ஒட்டுங்கள். ஒருநாள் விசேஷத்துக்கு, நறுக்கிய வாழைத்தண்டைத் தட்டில் நிறுத்தி, குச்சியால் துளையிட்டுக் குட்டைத் தண்டுப் பூக்களைச் செருகலாம். தண்டிலேயே ஈரம் இருப்பதால் இரவு வரை தாக்குப்பிடிக்கும்.