எக்ஸார்க்கைக் கில் பண்ணிடலாமா?

கேள்வி: பழைய லேப்டாப்புல லினக்ஸ் மின்ட் சின்னமன் போட்டேன். இன்ஸ்டால் பண்றப்ப ஸ்கிரீன் கருப்பாவே நின்னுச்சு, ஃப்ரெண்ட் ஒருத்தர் பூட் லைன்ல என்னமோ சேர்த்து ஓட வச்சுக் குடுத்தார். இப்ப விண்டோவை இழுத்தாலே ஃபேன் கத்துது, டாப் கமாண்ட்ல பார்த்தா எக்ஸார்க் 80 சதவீதம். கில் பண்ணிடலாமா?

பதில்: ஐயோ வேண்டாங்க! எக்ஸார்க் (Xorg) தான் ஸ்கிரீன்ல படம் வரையற புரோகிராம், அதைக் கில் பண்ணினா, அதாவது பாதியில நிறுத்தினா, திறந்து வச்சிருக்கிறதெல்லாம் மொத்தமா போயி லாகின் ஸ்கிரீன்ல வந்து நிப்பீங்க. முதல்ல அந்த 80ஐப் பார்த்துப் பதறாதீங்க, டாப் (எந்தப் புரோகிராம் எவ்வளவு சிபியு எடுக்குதுன்னு காட்டற கமாண்ட்) காட்டறது ஒரு சிபியு கோருக்கான கணக்கு, நாலு கோர் மெஷின்ல மொத்தம் 400 சதவீதம்.

ஆனா ஃபேன் கத்துதுன்னா விஷயம் இருக்கு. உங்க ஃப்ரெண்ட் சேர்த்தது அனேகமா 'நோமோட்செட்' (nomodeset)ங்கிற வார்த்தையா இருக்கும். அது இருந்தா கிராஃபிக்ஸ் டிரைவர் ஒழுங்கா லோட் ஆகாது, ஜிபியு (படம் வரையறதுக்குன்னே இருக்கிற சிப்) சும்மா உக்காந்திருக்க, படம் வரையற வேலை பூரா சிபியு தலையில விழும். வீட்ல கிரைண்டர் இருக்க அம்மியில அரைக்கிற கதைதான், எக்ஸார்க் பாவம் அரைக்குது.

சந்தேகம்னா சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் (புது மின்ட்ல பேரே சிஸ்டம் இன்ஃபர்மேஷன்) திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன்ல கிராஃபிக்ஸ் பகுதியைப் பாருங்க. ரெண்டரர்ங்கிற இடத்துல 'எல்எல்விஎம்பைப்' (llvmpipe)னு இருந்தா சிபியுதான் வரையுது, அம்மிதான், சந்தேகமே இல்லை.

உடனே ஃபைலை மாத்தாதீங்க, ஒரு தடவை சோதிச்சுப் பாருங்க. பூட் ஆகறப்ப ஷிஃப்ட்டை அழுத்திப் பிடிச்சா (புது மெஷின்னா எஸ்கேப்) கிரப் (லினக்ஸைப் பூட் பண்ற புரோகிராம்) மெனு வரும், 'இ' தட்டி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியில அந்த வார்த்தையை மட்டும் அழிச்சுட்டு எஃப்10. இது அந்த ஒரு பூட்டுக்குத்தான், மறுபடி ஸ்கிரீன் கருப்பானா ரீஸ்டார்ட் பண்ணினாப் போதும், பழையபடி வந்துடும். அப்படிக் கருப்பாச்சுன்னா, அதுவும் என்விடியா கார்டா இருந்தா, டிரைவர் மேனேஜர்ல போய் டிரைவர் போட்டுட்டு அப்புறம் முயற்சி பண்ணுங்க. நல்லா ஓடினா /etc/default/grub ஃபைல்லயும் அதே வார்த்தையை எடுத்துட்டு டெர்மினல்ல sudo update-grub கமாண்டை ஓட்டிடுங்க, அதை மறந்தா அடுத்த பூட்ல திரும்ப அம்மிதான்.

ரெண்டரர்ல இன்டெல்னோ ஏஎம்டின்னோ கரெக்டா பேர் வந்தும் எக்ஸார்க் ஏறுதுன்னா வேற யாரோ ஓயாம 'வரை வரை'ன்னு சொல்லிட்டே இருக்காங்க. ஒவ்வொண்ணா மூடிப் பாருங்க. என் மெஷின்ல ரெண்டு நாள் தேடி, கடைசில மாட்டினது பேனல்ல சும்மா சுத்திட்டிருந்த ஒரு குட்டி ஐகான்!