மேட்டூரில் நந்தி தலை தெரிந்தால் சேலத்துக்குக் குடிநீர் நின்றுவிடுமா?

நிற்காது. அணை 1934-இல் கட்டி முடிந்தபோது பண்ணவாடிப் பக்கம் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி, நீர்மட்டம் ஏறக்குறைய 70 அடிக்கு இறங்கும்போது தலைகாட்டும். அதற்குமுன்பே பழைய தேவாலயக் கோபுரம் தெரிந்துவிடும். 'நந்தி எழுந்தால் பஞ்சம்' என்ற பேச்சு டெல்டா விவசாயிக்குப் பொருந்தும், சேலத்துக் குழாய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது.

கணக்கைப் பாருங்கள். முழு மட்டமான 120 அடியில் 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) இருக்கும். 70 அடியிலும் 30-க்கு மேல் மிச்சம். 10 லட்சம் பேருக்குத் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் ஆண்டு முழுக்கக் கொடுத்தாலும் 1.74 டி.எம்.சி.தான் ஆகும். ஆனால் அணை கிண்ணம் மாதிரி, கீழே போகப்போகக் குறுகும். 120-லிருந்து 100-க்கு இறங்கினால் 28 டி.எம்.சி.க்கு மேல் போகும். 70-லிருந்து 50-க்கு இறங்கினால் அதில் ஏறத்தாழ பாதிதான். அதனால் கடைசி அடிகள் மளமளவென்று இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

உண்மையான தொல்லை தரத்தில்தான். மட்டம் தாழ்ந்தால் வண்டலும் பாசி வாடையும் கூடும், குளோரினை அவையே தின்றுவிடும். வீட்டுத் தொட்டியில் கலங்கல் வந்தால் முதலில் தெளியவிட்டு வடிகட்டுங்கள். பிறகு 1,000 லிட்டருக்கு 6 கிராம் புது பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். திறந்து கிடந்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது.