பதில்: ரெட் ஸோனில் 90 சதவீதம், ஆனாலும் ஏன் தோற்கிறோம்?

உங்கள் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி யார்டு கணக்கில் (பந்தோடு முன்னேறிய தூரத்தில்) முந்துகிறது, ரெட் ஸோன் சதவீதமும் (எதிரணியின் கடைசி 20 யார்டுக்குள் போன தடவைகளில் புள்ளி எடுத்தவை) 90, ஆனால் தோல்விதான் மிச்சம் என்கிறீர்கள். அந்த 90-ஐ நம்பாதீர்கள். எதிரணியின் 20 யார்டு கோட்டைத் தாண்டிய பிறகு எடுத்தது டச்டவுனா (பந்தை மைதானத்தின் கோடியிலுள்ள எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோவது, 6 புள்ளி), ஃபீல்டு கோலா (கம்பங்களுக்கு இடையே உதைப்பது, 3 புள்ளி) என்று அந்தக் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. பத்து முறை உள்ளே போய் ஒன்பது ஃபீல்டு கோல் அடித்தால் 90 சதவீதம், ஆனால் 27 புள்ளிதான். ஆறு டச்டவுன் மட்டும் எடுத்த அணிக்கு 60 சதவீதம். ஒவ்வொரு டச்டவுனுக்கும் பின் உதைத்து எடுக்கும் ஒரு கூடுதல் புள்ளியோடு 42! டச்டவுன் சதவீதத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள்.

உள்ளே போகப் போக இடம் சுருங்கிவிடும். பின்னால் எண்ட் ஸோன் 10 யார்டுதான் என்பதால் நீளப் பந்துக்குப் பயப்படாமல் தடுப்பாளர்கள் முன்னேறி நிற்பார்கள். நடுமைதானத்தில் எளிதாகக் கிடைத்த யார்டு இங்கே கிடைக்காது.

2025 ஜனவரி காட்டன் பௌலை (அமெரிக்கக் கல்லூரி அணிகளின் அரையிறுதி ஆட்டம்) பார்த்தீர்களா? ஒஹாயோ ஸ்டேட் 21, டெக்சாஸ் 14. கடைசி நிமிடங்களில் டெக்சாஸுக்கு எண்ட் ஸோனுக்கு ஒரு யார்டுதான் பாக்கி, கையில் நான்கு வாய்ப்பு. இரண்டாவதில் பந்தைப் பக்கவாட்டில் வீசி 7 யார்டு பின்னால் போனார்கள் (அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை). நான்காவதில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜாக் சாயர் பந்தைத் தட்டிப் பறித்து 83 யார்டு ஓடி டச்டவுன் எடுத்தார். 28-14.

அப்புறம், உங்கள் அணி மூன்றாவது டவுனில் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) எத்தனை யார்டு பாக்கி வைக்கிறது என்று எழுதுங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.