போத்தல் தூண்டிலில் ஒரா: திருமலைக் கேள்வி பதில்

கம்பில்லாமல், வெறும் பிளாஸ்டிக் போத்தலில் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றி, வீட்டாரோடு பாறையில் இருந்து ஒரா மீன் பிடிப்பது பற்றி வந்த கேள்விகள்.

உப்புவெளி: போத்தலால் எப்படி வீசுவது அண்ணா? பிள்ளைகளும் வருவார்கள்.
ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல் போதும் தங்கச்சி. தங்கூசியின் ஒரு நுனியைப் போத்தலில் இறுக்கிக் கட்டி, நெருக்கமாகச் சுற்றுங்கள். கழுத்தைப் பிடித்து அடிப்பக்கத்தைக் கடலுக்கு நீட்டி, மற்றக் கையால் நுனியில் கட்டிய ஈயக் குண்டை வீசினால் தங்கூசி தானாகக் கழன்று ஓடும். எங்கள் வீட்டில் நான் இழுப்பேன், மனைவி சுற்றுவார், மகள் மீனைக் கூட்டப் பாண் எறிவாள். தங்கூசியை விரலில் மட்டும் சுற்றாதீர்கள். ஒரு பாரை மீன் இழுத்தால் சதையை அறுத்துவிடும்.

மூதூர்: இறால் போட்டும் ஒரா கடிக்கவில்லையே?
இறால் கலவாய்க்கும் விளைமீனுக்கும் சரி. ஒரா பாசி மேயும் மீன். அது மேயும் அதே பாறையில் வழித்த பச்சைப் பாசியைச் சின்னத் தூண்டில் முள்ளில் சுற்றுங்கள். அப்புறம், அதன் முதுகில் 13, அடியில் 11 விஷ முள் உண்டு. செத்த பிறகும் குத்தும். முள்ளை வெட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

மூதூர்: பாசி வீண் வேலை, பாண் போதும் என்கிறார் மாமா.
மாமா பாண் எறிந்து பழகிய இறங்குதுறையில் நின்றிருப்பார். அங்கே கடிக்கும். ஆளில்லாத பாறையில் இரண்டையும் அருகருகே போட்டுப் பார்த்தோம்: பாசிக்கு ஏழு ஒரா, பாணுக்கு ஒன்று.

நிலாவெளி: பாண் மிதக்கும், மேலே திரியும் முரல் மீன்தான் முந்தும்!
அதேதான் தம்பி. பாணை ஈரமணலோடு பிசைந்து எறிந்தால் அடிக்குப் போய் மீனைக் கூட்டும். தூண்டில் முள்ளில் பாசிதான். மூதூர்க்காரரே, மாமாவை ஒரு நாள் பாறைக்குக் கூட்டி வாருங்கள், பக்கத்தில் நின்று பார்ப்போம்.

கண்டி: நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் பிடிக்கலாமா?
கூடாது. 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா.

கண்டி: அங்கே உள்ள இரண்டில் சின்னத் தீவின் பக்கமாவது?
மேலே சொன்னேன். இரண்டுக்கும் ஒரே சட்டம்.

சீனக்குடா: ஒரா முள் குத்தினால்?
குத்துப்பட்ட இடத்தைத் தாங்கும் சூட்டு நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். அந்த விஷம் சூட்டில் கெடும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். வீக்கம் ஏறினால் ஆசுபத்திரி. முள்ளை வெட்டச் சொன்னது இதற்குத்தான்.

கிண்ணியா: பேத்தை மீன் (ஊதிப் பெருக்கும் மீன்) மாட்டினால்?
சமைக்கவே வேண்டாம். அவித்தாலும் பொரித்தாலும் நஞ்சு போகாது.

உப்புவெளி: டிசம்பர் லீவில் போகலாமா?
வாடைக் காற்றுக் காலக் கடலில் பிள்ளைகளைப் பாறையில் ஏற்றாதீர்கள். சோழகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலத்தில்) வாருங்கள், ஏப்ரலுக்குப் பிறகு.